விசை விழுந்தால் காரணம் தேடுவோம்

பெரட்டுக்குப் புறப்படும் வீடுகளில் விடியற்காலை நான்கரை மணிக்கே அடுப்பு புகைவதை நாம் அறிவோம். முன்பெல்லாம் லயத்து வீட்டின் பின்கட்டில் மூன்று கற்களை வைத்து, அவற்றின் மேல் தகரத்தை ஏற்றி, காய்ந்த கித்தா விறகை மூட்டித்தான் குளிக்க வெந்நீர் வைப்போம். தோட்டத்து மின்பொறி மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி, பிறகு நின்றுவிடும். அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்குத்தான். பின்னர் பொது மின்சாரம் வந்தது. 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கிப் பிறகு தேசிய மின்சார வாரியமாகி, 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் என்று ஆன நிறுவனத்தின் கம்பிகள் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தன. இன்று கூலாய், கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருப்போர் வீட்டிலும், தோட்டத்தை விட்டு மாசாய், ஸ்கூடாய், தெப்ராவ் பகுதிகளில் குடியேறியோர் வீட்டிலும் குளியலறைச் சுவரில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியைக் காண்கிறோம். விசையைத் தட்டினால் வெந்நீர் கொட்டுகிறது. இதை 'ஹீட்டர்' என்று சொல்கிறோம்.

அந்தப் பெட்டி ஒரு நாள் திடீரென்று வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது? எதை நாமே பார்க்கலாம்? எதைத் தொடவே கூடாது? இவற்றைப் பற்றி இன்று பேசுவோம்.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைக் கூறித் தொடங்குகிறோம். ஒரு மழைக்காலத்தில், மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலையில் பாடத்தின்போதே தூங்கி விழுந்தான். விசாரித்தோம். "சார், வீட்டில் ராத்திரியெல்லாம் லைட் இல்லை. தம்பிப் பாப்பா அழுதுக்கிட்டே இருந்துச்சு" என்றான். அன்று மாலை ஆசிரியர்கள் இருவர் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய தாயார் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உள்ளே போனபோது, மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் அவனுடைய சித்தப்பா, நாற்காலியின் மேல் ஏறிக் கையில் திருப்புளியுடன் மின்பெட்டியின் முன் நின்றிருந்தார்.

"வாங்க சார். ஹீட்டர் சுவிட்சைத் தட்டினதும் இந்தப் பெரிய விசை விழுந்துடுது. வீடே இருட்டாப் போகுது. இந்த விசைதான் கெட்டுப் போச்சு. இதை விட்டுட்டு நேரா கம்பியைக் கொடுத்துட்டா சரியாயிடும்" என்றார் அவர்.

பாட்டி குறுக்கிட்டார்: "சீக்கிரம் செய்யச் சொல்லுங்க சார். பிள்ளை பெத்தவ பச்சைத் தண்ணியிலயா குளிப்பா?"

நேயர்களே, இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வெந்நீர் வேண்டும் என்பது உண்மை. விசை விழுவதும் உண்மை. ஆனால் விசை கெட்டுவிட்டது என்ற முடிவுதான் சரியா என்று பார்க்க வேண்டும். இரவில் நாய் குரைத்தால் நாய்க்குப் பைத்தியம் என்று உடனே சொல்லிவிடுவோமா? வேலிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம் அல்லவா?

அந்தத் தம்பியை நாற்காலியிலிருந்து இறங்கச் சொன்னோம். "கம்பியை மாற்றுவது பத்து நிமிட வேலை. காரணம் தேட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டோம். அவரும் இசைந்தார்.

முதலில், ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் உடனடியாகத் தண்ணீரைச் சூடாக்கும் வகை. உள்ளே ஒரு சிறிய கலம் இருக்கிறது. அதனுள்ளே சூடேற்றும் குழல் இருக்கிறது. குழலின் நடுவில் சுருள் கம்பி, அதைச் சுற்றி மின்சாரத்தை வெளியே விடாத வெண்பொடி, அதற்கு மேல் உலோக உறை. கம்பி சூடாகிறது. சூடு பொடி வழியாக உறைக்கு வந்து தண்ணீரில் சேர்கிறது. மின்சாரம் மட்டும் பொடியைத் தாண்டி வராது.

இந்தக் குழலுக்கு மின்சாரம் போய்ச் சேருமுன் அது பல காவல்களைக் கடக்க வேண்டும். முதலாவது, வீட்டு மின்பெட்டி. இரண்டாவது, குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்குடன் இருக்கும் ஹீட்டருக்கான தனி விசை. மூன்றாவது, ஹீட்டருக்குள்ளேயே இருக்கும் மின்கசிவுக் காவல். அதற்கு ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. நான்காவது, நீரோட்டக் காவல். தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் அது வழிவிடும். ஐந்தாவது, வெப்பக் காவல். சூடு எல்லை மீறினால் அது துண்டித்துவிடும். இவற்றில் ஒன்று 'வேண்டாம்' என்று சொன்னாலும் குழல் சூடாகாது.

இது நம் நாட்டு ஹீட்டருக்கு மட்டும் உரிய ஏற்பாடு அன்று. பனி பெய்யும் நாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள் இருக்கின்றன. குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் அவற்றில் தங்குவார்கள். குளிர் காக்க எரிவாயுவில் எரியும் ஒரு கணப்பு அதில் இருக்கும். அதன் விசிறியும் விசைகளும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். கணப்பை இயக்கினால் முதலில் விசிறி சுழலும். காற்று போதிய வேகத்தில் வீசினால் ஒரு சிறு தகடு அசைந்து வழிவிடும். அதன் பிறகே எரிவாயு திறந்து பொறி பற்றும். நடு இரவில் கணப்பு நின்றுவிட்டால், கணப்பே கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுவார்கள். தேடிப் பார்த்தால் பல நேரங்களில் பேட்டரி தளர்ந்திருக்கும். அல்லது ஒரு கம்பி முனை துருவேறியிருக்கும். விசிறி மெதுவாகச் சுழல்வதால் தகடு அசைவதில்லை. தகடு அசையாததால் நெருப்புப் பற்றுவதில்லை. கருவி தன் கடமையைத்தான் செய்கிறது. அந்தத் தகட்டைக் கட்டிவைத்து நெருப்பை மூட்டுபவன், உறங்கும் குடும்பத்துக்குத் தீயையும் நச்சுப் புகையையும் அழைத்து வருகிறான்.

ஆகவே பனி நாட்டுக் கணப்பானாலும் ஜொகூர் பாரு ஹீட்டரானாலும் பாடம் ஒன்றுதான். மின்சாரம் வரும் வழியிலேயே, ஒவ்வொரு காவலாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். எந்தக் காவல் தடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் காவலையும் அகற்றக் கூடாது.

இனி, நாமே பார்க்கக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதல் நிலை: விசை எதுவும் விழவில்லை, தனி விசையின் சிவப்பு விளக்கும் எரிகிறது, ஆனால் தண்ணீர் சூடாகவில்லை. அப்படியானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். காலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதால் நீரோட்டம் தளர்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வரும் இடங்களில் ஹீட்டரின் நுழைவாயிலில் உள்ள சிறு வடிகட்டியை வண்டல் அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் டின்னை எடுத்து ஹீட்டர் வழியாக வரும் தண்ணீரைப் பிடியுங்கள். அது நிறைய அரை நிமிடத்துக்கு மேல் பிடித்தால் நீரோட்டம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். தனி விசையை அணைத்துவிட்டு, நீர் தூவும் தலைப்பைக் கழற்றி அதன் துளைகளைத் துலக்குங்கள். வடிகட்டி வெளியிலிருந்தே கழற்றக் கூடியதாக இருந்தால், தண்ணீரை அடைத்துவிட்டு அதையும் கழுவலாம். பல வீடுகளில் கோளாறு இதோடு தீர்ந்துவிடும்.

நீரோட்டக் காவல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,600 வாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை ஏறக்குறைய 17 பாகை சூடாக்கும். 27 பாகையில் உள்ள குழாய்த் தண்ணீர் 44 பாகையில் வரும். நீரோட்டம் பாதியாகக் குறைந்து, ஹீட்டரும் முழு வேகத்தில் இயங்கினால் என்ன ஆகும்? சூடு 34 பாகை கூடி, தண்ணீர் 61 பாகையில் கொட்டும். குழந்தையின் தோல் வெந்துவிடும். ஓட்டம் அதற்கும் கீழே போனால் கலத்துக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கும். அதனால்தான் ஓட்டம் குறைந்தால் அந்தக் காவல் மின்சாரத்தை நிறுத்துகிறது.

தண்ணீர் நன்றாக ஓடியும் சூடாகவில்லை என்றால், வெப்பக் காவல் துண்டித்திருக்கலாம். விசையை அணைத்து, கருவி ஆறிய பிறகு ஒரு முறை இயக்கிப் பாருங்கள். ஹீட்டரின் முகப்பிலுள்ள மின்கசிவுக் காவல் விழுந்திருந்தால் அதையும் ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். மறுபடியும் நின்றால் அதோடு விட்டுவிட வேண்டும். மூடியைக் கழற்றுவது நம் வேலை அன்று.

இரண்டாம் நிலை: மின்பெட்டியில் வரிசையாக உள்ள சிறு விசைகளில் ஒன்று விழுகிறது. இது பாரம் கூடியதற்கோ, கம்பியோடு கம்பி உரசியதற்கோ அடையாளம். 3,600 வாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கும் மேலாக மின்சாரம் இழுக்கும். நம் வீட்டுச் சதுர முளைப் பிளக்கோ 13 ஆம்பியருக்கு மட்டுமே செய்யப்பட்டது. ஆகவே ஹீட்டரைப் பிளக்கில் மாட்டவே கூடாது. மின்பெட்டியிலிருந்து அதற்கென்று தனிக் கம்பியும் 20 ஆம்பியர் தனி விசையும் வேண்டும். பிளக்கு சூடானாலும், கருகிய நாற்றம் வந்தாலும், கம்பியின் உறை பழுப்பேறினாலும் உடனே நிறுத்திவிடுங்கள். பழைய உருகிப் பெட்டி உள்ள வீடுகளில், உருகி அறுந்தால் அதன் இடத்தில் தடித்த கம்பியையோ ஆணியையோ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அப்போது வெட்டப்படாத மின்சாரம் சுவருக்குள்ளே கம்பியைப் பழுக்கவைக்கும். பலகை வீட்டில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நிலை: சோதனைப் பொத்தான் உள்ள பெரிய விசை விழுகிறது. அந்த மாணவன் வீட்டில் நடந்தது இதுதான். இதற்குக் காரணம் மின்கசிவு. எந்தக் கருவியிலிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அதை நிதானமாகச் செய்ய வேண்டும்.

கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். காலில் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். நிற்கும் தரை காய்ந்திருக்க வேண்டும். கைவிளக்கை ஒருவர் பிடிக்கட்டும். பிள்ளைகள் தள்ளியே இருக்கட்டும். சிறு விசைகள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ஹீட்டரின் தனி விசையையும் அணைத்துவிடுங்கள். பிறகு பெரிய விசையை மேலே ஏற்றுங்கள். அது நின்றால், சிறு விசைகளை ஒவ்வொன்றாக, சற்று இடைவெளி விட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள். எதை ஏற்றும்போது பெரிய விசை விழுகிறதோ, கோளாறு அந்தக் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பியில் மாட்டியுள்ள பிளக்குகள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, மீண்டும் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஏனென்றால் சுவரிலுள்ள சுவிட்சு சாதாரணமாக மின்சாரம் போகும் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. திரும்பி வரும் கம்பி அப்படியே இருக்கும். அதன் வழியாகவும் கசிவு காட்டும். சிறு விசைகளை இறக்கி, எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் பெரிய விசை நிற்காவிட்டால், கோளாறு சுவருக்குள் இருக்கலாம், அல்லது பெட்டியிலேயே இருக்கலாம். அதற்கு மேல் நாம் போகக் கூடாது.

அந்த வீட்டில் இப்படித்தான் செய்தோம். சித்தப்பாதான் விசைகளை ஏற்றினார்; நாங்கள் கைவிளக்கைப் பிடித்தோம். விளக்குகளின் விசை நின்றது. குளிர்பெட்டியின் விசை நின்றது. அரிசி வேகவைக்கும் பானைக்குரிய விசையும் நின்றது. ஹீட்டருக்குரிய சிறு விசையை ஏற்றினோம், அதுவும் நின்றது. குளியலறைக்கு வெளியே இருந்த தனி விசையைத் தட்டியதும் 'டக்' என்று வீடு இருண்டது. "அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஹீட்டர்லதான் கோளாறு" என்றார் சித்தப்பா. ஹீட்டரின் தனி விசையை அணைத்து, அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, 'தொடாதீர்' என்று மாணவனையே எழுதச் சொன்னோம். மற்ற விசைகளை ஏற்றியதும் விளக்கும் விசிறியும் வந்துவிட்டன. குழந்தையும் அன்றிரவு தூங்கியது. வெந்நீருக்கு மட்டும் பாட்டி பழையபடி பின்கட்டில் விறகு மூட்டினார்.

மறுநாள் அனுமதிச் சான்று பெற்ற வயர்மேன் வந்து பார்த்தார். சூடேற்றும் குழலின் உலோக உறையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி வெண்பொடியை நனைத்துவிட்டது. நனைந்த பொடி மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அது மட்டுமன்று. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சைக் கம்பியின் திருகு துருவேறித் தளர்ந்திருந்தது. இரண்டு காவல்களில் ஒன்று ஏற்கனவே பாதி உறக்கத்தில் இருந்திருக்கிறது. விழித்திருந்தது அந்தப் பெரிய விசை ஒன்றுதான். முதல் நாள் மாலை அதையும் நாங்கள் அகற்றிக் கம்பியை நேராகக் கொடுத்திருந்தால், மறுநாள் காலை ஈர உடம்போடு அந்தத் தண்ணீருக்கு அடியில் நிற்கப் போகிறவர் யார்? பிள்ளை பெற்ற பன்னிரண்டு நாள் தாய். வயர்மேன் சொன்னதைக் கேட்டதும் சித்தப்பா கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பின் யாரும் விசையைக் குறை சொல்லவில்லை.

அந்த விசை எப்படிக் கசிவை அறிகிறது? நம் தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஸ்டோரிலிருந்து நாற்பது வாளிகள் போகின்றன. மாலையில் நாற்பதும் திரும்பினால் கிராணி பேசாமல் இருப்பார். முப்பத்தொன்பதுதான் வந்தது என்றால், ஒரு வாளி எங்கோ போய்விட்டது என்று உடனே குரல் கொடுப்பார். மின்கசிவுக் காவலும் இப்படியே கணக்குப் பார்க்கிறது. ஒரு கம்பியில் போன மின்சாரம் முழுவதும் மறு கம்பியில் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும், அது தண்ணீர் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே, கண் இமைக்கும் நேரத்துக்குள், காவல் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது.

எவ்வளவு குறைந்தால் ஆபத்து? 60 வாட் குமிழ் விளக்கு கால் ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. அதாவது 250 மில்லி ஆம்பியர். அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான 30 மில்லி ஆம்பியர் உடம்பின் வழியே சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக் கூடும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 20 ஆம்பியர் சிறு விசைக்கு இவையெல்லாம் கண்ணிலேயே படாது. அது கம்பியைக் காக்க வைத்த விசை. உயிரைக் காக்க வைத்தது மின்கசிவுக் காவல். இதனால்தான் நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டும் காவல் வேண்டும் என்கின்றன. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் காவல் வேண்டும்.

இந்தக் காவல் பிறந்த கதையும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளைச் சார்ந்ததுதான். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் ஈரத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு மின்சாரம் பெரிய ஆபத்தாக இருந்தது. அங்கே 1955ஆம் ஆண்டில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் மின்கசிவை உணர்ந்து வெட்டும் ஒரு கருவியை உருவாக்கினார். பின்னர் அது இன்னும் நுட்பமாக்கப்பட்டது. அமெரிக்காவில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர், மனித உடம்பு எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டில் இதே போன்ற ஒரு காவலை அமைத்தார். சுரங்கத்துக்கென்று தோன்றிய அந்தக் காவல் இன்று நம் அடுக்களைச் சுவரில் இருக்கிறது. அதை அவிழ்த்து எறியலாமா?

இனி, வீட்டார் மனத்தில் வைக்க வேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

மாதம் ஒரு முறை பெரிய விசையிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விசை விழ வேண்டும். விழாவிட்டால்தான் அது கெட்டுவிட்டது என்று பொருள். ஹீட்டரின் பொத்தானையும் அவ்வாறே சோதியுங்கள். சம்பள நாளன்று செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இடி மின்னலின்போது ஹீட்டரில் குளிக்க வேண்டாம். மின்னலால் பெரிய விசை விழுவதும் உண்டு. மழை ஓய்ந்த பிறகு ஏற்றினால் நின்றுவிடும். நின்றால் கவலை வேண்டாம்.

வெள்ளம் புகுந்த வீட்டில் தண்ணீர் வடிந்தவுடனே விசையை ஏற்றக் கூடாது. 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2007ஆம் ஆண்டு தொடக்கத்திலும் கோத்தா திங்கி, சிகாமாட் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தை நம்மில் பலர் கண்டோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும் ஜொகூரில் வெள்ளம் வந்தது. வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் பிளக்குக் குழிகளுக்குள் சேறும் ஈரமும் தங்கியிருக்கும். வயர்மேன் பார்த்துச் சொன்ன பிறகே மின்சாரம்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால், ஓடிப்போய்க் கையால் இழுக்காதீர்கள். உங்களையும் பிடித்துக்கொள்ளும். முதலில் பெரிய விசையை இறக்குங்கள். அது முடியாதபோது, காய்ந்த பலகையின் மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளிவிடுங்கள். பிறகு 999 எண்ணுக்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.

புதிய ஹீட்டர் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்பதற்காக முத்திரை இல்லாததை வாங்கிச் சுவரில் மாட்டாதீர்கள். மாட்டும் வேலையை, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடமே கொடுங்கள். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை அன்று. தெருக்கம்பியிலேயே மின்சாரம் இல்லை என்றால், தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி, அத்தகைய வீடுகளில் தண்ணீரும் மின்சாரமும் போதிய அளவு இருக்க வேண்டும். வீடும் பழுதின்றிப் பேணப்பட வேண்டும். ஆகவே சுவரிலுள்ள கம்பியோ மின்பெட்டியோ கெட்டால், அதை நாமே ஒட்டுப்போட்டு மறைக்காமல் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடும். தேதி, வீட்டு எண், எந்த விசை எப்போது விழுகிறது என்ற விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். இதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி அவனுக்கு வேறில்லை.

அந்தச் சித்தப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் முரடர் அல்லர்; அண்ணியின் மேலும் குழந்தையின் மேலும் உள்ள அன்பினால்தான் திருப்புளியை எடுத்தார். கை வேலை தெரிந்தவர். மின்சாரத்தின் கணக்குத்தான் அவருக்குத் தெரியவில்லை. கோளாறைத் தேடிய அந்த மாலைக்குப் பிறகு, எது எதனால் நிகழ்கிறது என்று எங்களிடம் வந்து கேட்கத் தொடங்கினார். இப்படிக் கைத்திறன் உள்ள பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்கம்பி வேலையை முறையாகப் படித்து, தகுதிச் சான்று பெற்றால், அந்தத் திருப்புளியே அவர்களுக்குச் சோறு போடும். பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, அடுத்த முறை வீட்டில் விசை விழுந்தால் அதன் மேல் கோபம் கொள்ளாதீர்கள். எது விழுந்தது என்று பாருங்கள். எதை இயக்கியபோது விழுந்தது என்று நினைவுகூருங்கள். வரிசையாகத் தேடுங்கள். கண்டுபிடித்ததை அணைத்து வையுங்கள். பிறகு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதுவரை இரண்டு நாள் விறகடுப்பில் வெந்நீர் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பாட்டி வைத்த வெந்நீரில்தான் அந்தத் தாயும் பிள்ளையும் ஒரு வாரம் குளித்தார்கள். பழுது பார்த்த பிறகு ஹீட்டரும் வந்தது. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள்.